பென்சில் ஓடிய தூரம்

செட்ரிக் டிப்பிங் எவ்வளவு குள்ளம் என்று கேட்டால், டன்ஸ்டோக் விமானத் தொழிற்சாலையில் ஆளுக்கு ஓர் அளவு சொல்வார்கள். கேன்டீன் மேஜைக்கு அடியில் குனியாமல் நடந்து போவார் என்பது ஓர் அளவு. மழை வந்தால் ஊரெல்லாம் நனைந்த பிறகுதான் அவருக்குத் தெரியவரும் என்பது இன்னோர் அளவு. போர்க்காலத்தில் அவர் விமானம் ஓட்டியபோது இருக்கையில் தலையணைக்கு மேல் தலையணையாக அடுக்கி ஏறி உட்காருவார். அப்படியும் கண்ணாடிக்கு மேலே தொப்பியின் நுனி மட்டும்தான் தெரியும். அவர் தரையிறங்கும் ஒவ்வொரு தடவையும், "ஐயோ, ஆளில்லாம ஒரு விமானம் தானா வருது, ஓடுங்க ஓடுங்க!" என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கத்துவார்கள்.

செட்ரிக்கும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு அறைக்குப் போய், ஷூவுக்குள் மடித்து வைத்திருந்த அட்டையை இன்னும் ஒரு மடிப்புக் கூட்டி வைத்துக்கொள்வார்.

அந்த அட்டையை அவர் தூக்கி எறிந்தது பென்சில் வந்த பிறகு.

பென்சில் என்பது ஆட்கள் வைத்த பெயர். அரசாங்கம் அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணும் கொடுத்திருந்தது, யாரும் அதைச் சொன்னதில்லை. சத்தத்தைவிட வேகமாகப் போகவேண்டிய விமானம் அது. அப்படி ஒன்று அதுவரை உலகத்தில் கிடையாது. அந்த வேகத்தைத் தொட்டால் வானமே சுவர் மாதிரி எதிரே நிற்கும், மோதினால் ரெக்கை கழன்றுவிடும் என்று பெரிய படிப்புப் படித்தவர்களே சத்தியம் செய்தார்கள். அதனால் உடம்பை ஒல்லியாக, மூக்கைக் கூர்மையாகச் சீவி, ரெக்கையைக் கத்தியாகத் தீட்டிச் செய்தார்கள். ஃபோர்மேன் ஹோரஸ் மட்ஜ் ஒருநாள் அந்த ரெக்கை ஓரத்தில் முகம் மழித்துக்கொண்டார் என்று பேச்சு. யாரும் பார்க்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அவர் கன்னம் பளபளத்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் விமானத்தின் படத்தை வரைந்தவர்களுக்கு உறைத்தது. அந்த மூக்குக்குள் ஒரு மனிதன் உட்கார வேண்டும். மடித்த முன்சக்கரம் வேறு அவன் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும். பெயர் பெற்ற பைலட்டுகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். ஒருவருக்கு முழங்கால் உள்ளே போனால் தோள் வெளியே நின்றது. இன்னொருவருக்குத் தோள் உள்ளே போனது, மீசை வெளியே நின்றது. கடைசியில் ஹோரஸ்தான், "நம்ம சின்னவரைக் கூப்பிடுங்கய்யா" என்றார்.

செட்ரிக் ஏறினார், சாய்ந்தார், மூடியை மூடிக்கொண்டார். ஹோரஸ் கண்ணாடியைத் தட்டினார்.

"உள்ள எப்படி இருக்கு, சின்னவரே?"

மூடி மறுபடி திறந்தது. "வாடகைக்கு ஒரு ஆளைக்கூட வெச்சுக்கலாம் போலிருக்கே!"

அன்றிலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு ஒரே பயம், செட்ரிக் குண்டாகிவிடக் கூடாது. கேன்டீன் ஓலிவ் அம்மாள் அவர் தட்டில் மட்டும் எல்லாவற்றையும் பாதியாக வைத்தார். பாதி உருளைக்கிழங்கு, பாதி முட்டைக்கோசு. புட்டிங் என்றால் வாசனை மட்டும்.

"கொஞ்சம் கஸ்டர்டாவது ஊத்தும்மா. பாவமா இல்லியா?"

"கண்ணு, உன் இடுப்பு ஒரு விரல் ஏறிச்சுன்னா ஹோரஸ் என்னை அந்த ஓவன்ல வெச்சுச் சுட்டுருவாரு. முதல்ல சத்தத்தைத் தாண்டிட்டு வா. அப்புறம் வாளியோட தரேன்."

இரண்டு வருஷம் பட்டினி கிடந்தார் மனிதர். இரண்டு வருஷமும் உலகத்திலேயே சந்தோஷமான பட்டினி. அவரைப் பார்த்துச் செய்த விமானம் இல்லை அது. ஆனாலும் அவர் உயரத்துக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு விமானம் கடைசியில் உலகத்தில் வந்துவிட்டது. அதில் ஏறி, இதுவரை மனிதன் போகாத வேகத்தில் அவர் போகப்போகிறார். வேறென்ன வேண்டும்?

போர் முடிந்த அடுத்த பிப்ரவரியில், எஞ்சின் ஒன்றுதான் பாக்கி என்று இருந்த சமயத்தில், லண்டனிலிருந்து ஹாலிவெல் என்று ஓர் அதிகாரி குடையோடு வந்தார். அன்றைய குளிரில் வாயைத் திறந்தால் வார்த்தை உறைந்து தரையில் விழுந்து உடையும். அவருடைய வார்த்தைகள் அப்படித்தான் விழுந்தன. திட்டம் நிறுத்தப்பட்டது. விமானத்தை வெட்டிவிட வேண்டும்.

விமானம் நின்ற அந்தப் பெரிய கொட்டகையில், ஹேங்கரில், ஒரு சுத்தியல்கூட அசையவில்லை. செட்ரிக்தான் முன்னால் வந்தார்.

"எதுக்கு சார்?"

"மிஸ்டர் டிப்பிங், தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப ஆபத்துன்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. உங்க உயிர் எங்களுக்கு முக்கியம்."

"என் உயிரைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லி நான் உங்ககிட்ட குடுக்கலையே சார்."

ஹாலிவெல் குடையைக் கை மாற்றிக்கொண்டார். "அதுக்குப் பதிலா சின்னதா மாடல் செஞ்சு, ராக்கெட் வெச்சு, கடலுக்கு மேல விட்டுப் பார்க்கப்போறோம். அதுல யாரும் உட்கார வேண்டியதில்ல."

"ஆளில்லாம."

"ஆமா. ஆளில்லாம."

செட்ரிக் சிரித்துவிட்டார். கோபுரத்திலிருந்து அத்தனை வருஷம் கத்தியவர்களின் வாக்கு பலித்துவிட்டதே என்று சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமானது. ஹோரஸ் தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஓலிவ் அம்மாள் அவருக்கு முழுத் தட்டு வைத்தார். உருளைக்கிழங்கு மலை, ரேஷனில் வந்த முட்டைப் பொடியில் செய்த ஆம்லெட், ஊருக்கே சேர வேண்டிய சர்க்கரையைக் கொட்டிய புட்டிங், அதன் மேல் கஸ்டர்ட் ஏரி. கப்பல் விடலாம் அதில். செட்ரிக் கரண்டியை எடுத்தார், ஏரியின் கரையைத் தொட்டார், கீழே வைத்தார்.

"பசிக்கலியா கண்ணு?"

"ரெண்டு வருஷமா பசிச்சதும்மா. இப்பதான் நின்னுச்சு."

ஓலிவ் அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே பாத்திரங்கள் வெகுநேரம் சத்தமாகக் கழுவப்பட்டன.

மறுநாள் ரம்பத்தோடு போனபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. விமானத்தைச் செய்தவர்களே தங்கள் கையால் செய்து வைத்த சிக்கல் அது.

பென்சிலின் மூக்கை உடம்போடு நான்கு போல்ட்டுகள் பிடித்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெடிமருந்துத் தோட்டா. ஆகாயத்தில் ஆபத்து என்றால் பைலட் ஒரு பிடியை இழுப்பார், தோட்டாக்கள் வெடிக்கும், மூக்கு மட்டும் அவரோடு கழன்று பாராசூட்டில் இறங்கும். கை தவறி வேறு யாரும் அதைத் தொட்டுவிடக் கூடாது என்று, அந்தத் தோட்டாக்களைப் போடும் இடத்தையும் எடுக்கும் இடத்தையும் உள்ளேயே வைத்திருந்தார்கள். இருக்கையில் உட்கார்ந்து, கையைத் தோளுக்குப் பின்னால் வளைத்தால்தான் எட்டும். "என் உயிர் இருக்கிற போல்ட்ல என் கை மட்டும்தான் படணும்" என்று கேட்டு வாங்கியது செட்ரிக்கேதான். இந்த விமானத்தைப் பைலட்டைத் தவிர வேறு யாராவது பிரிக்க வேண்டி வரும் என்று அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோட்டா உள்ளே இருக்கும்போது ரம்பத்தை வைத்தால் ஹேங்கர் கூரையோடு போய் அடுத்த ஊரில் இறங்கும்.

"சின்னவரே," என்றார் ஹோரஸ், தன் காலடியைப் பார்த்துக்கொண்டு. "நீங்கதான் உள்ள போகணும்."

"மாட்டேன்."

"நான் கேக்கறது உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும்."

"அப்ப ஏன் கேக்கற? நான் இந்த விமானத்துல ஏறுறது பறக்கிறதுக்கு. அறுக்கிறதுக்கு இல்ல."

சொல்லிவிட்டுப் பென்சிலின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கி நகர்த்த அங்கே யாருக்கும் மனது வரவில்லை. ஹோரஸ் நினைத்திருந்தால் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

வேறு ஆள் தேடினார்கள். ஊர்த் தையற்காரர் ஒருவர் முக்கால்வாசி உள்ளே போய் மாட்டிக்கொண்டார். பன்றிக்கொழுப்பைத் தடவி வெளியே இழுத்தபோது அவர் கால்சட்டை உள்ளேயே தங்கிவிட்டது. குதிரைப் பந்தயத்தில் ஓட்டிய ஒரு கிழவர் சரியாகப் பொருந்தினார். ஆனால் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டதும் எகிறிக் குதித்தார். "குதிரை உதைச்சா விலா எலும்புதான்யா போகும். இது உதைச்சா எங்க வீட்டுக்காரி எதை வெச்சுப் புதைப்பா?"

செட்ரிக் இடத்தைவிட்டு அசையவில்லை. பகல் முழுக்கச் சக்கரத்தடியில் இருந்தார். ஓலிவ் அம்மாள் கொண்டுவந்த டீயை மட்டும் குடித்தார். இரண்டாவது நாள் ஹோரஸ் வந்து, தன் பெரிய உடம்பை மூன்றாக மடித்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அதுவே ஒரு கட்டடம் இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அந்தக் குடைக்காரரு ஒண்ணு சொன்னாரு," என்றார். "இந்த ஹேங்கர்ல சமையலறை அலமாரி செய்யப்போறாங்களாம். அலுமினியத்துல. குண்டு விழுந்து வீடு போன ஜனங்களுக்கு."

"நல்லது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள இடம் காலியாகலைன்னா, அந்த வேலையை வேற ஊருக்குக் குடுத்துருவாங்க."

செட்ரிக் சக்கரத்தில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"ரெக்கையைத் தீட்டின பொண்ணுங்க, பெயின்ட் அடிச்சவங்க, ஓலிவ் அம்மா, எல்லாரும் வீட்டுக்குப் போகணும். நானும்தான். நான் உங்களைக் கட்டாயப்படுத்தல. விஷயத்தைச் சொல்லாம இருந்தா அதுவும் தப்பு. அதான் சொன்னேன்."

"அலமாரியா?"

"அலமாரிதான். இழுக்கிற கதவு வெச்சது."

"சத்தத்தைத் தாண்டுமா அது?"

"எங்க வீட்டுக்காரி மூடுற வேகத்துக்குத் தாண்டும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவிலேயே செட்ரிக் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது சிரிப்பினால்தானா என்று ஹோரஸ் உற்றுப் பார்க்கவில்லை. எதிரே சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சநேரம் கழித்துச் செட்ரிக் தலையைத் தூக்கினார். "எடுத்துத் தரேன். ஆனா ஒண்ணு. வாசலைத் தாண்டாத விமானத்துல நான் கை வைக்க மாட்டேன். அதை வெளிய கொண்டுபோங்க. முறைப்படி."

டன்ஸ்டோக்கில் ஒரு முறை உண்டு. புது விமானம் முதல்முறை வெளியே போகும்போது டிராக்டர் கட்டி இழுக்க மாட்டார்கள். செய்த கைகள் எல்லாம் சேர்ந்து தள்ளும். உள்ளே பைலட் உட்கார்ந்திருப்பார். ஒருவர் பாக்கியிருந்தாலும் காத்திருப்பார்கள்.

"இதுக்கு உத்தரவு கிடையாது" என்றார் ஹாலிவெல்.

"கூடாதுன்னும் உத்தரவு இல்லையே சார்" என்றார் ஹோரஸ்.

வியாழக்கிழமை காலையில் ஹேங்கர் கதவுகள் திறந்தன. வெளியே வெள்ளை வெயில், புல்லெல்லாம் உறைபனி. எஞ்சின் இருக்கவேண்டிய ஓட்டையில் எடைக்காக மணல் மூட்டை. ரெக்கை தீட்டிய பெண்கள், தச்சர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், ஏப்ரனோடு ஓலிவ் அம்மாளின் ஆட்கள், அத்தனைபேரும் கை வைக்க இடமில்லாமல் ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்தார்கள். கடைசி ஆளின் கை அடுத்த ஊரில் இருந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். ஹாலிவெல் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையை வாலில் வைத்தார். அவர் தள்ளினாரா, ஒட்டிக்கொண்டு வந்தாரா என்று டன்ஸ்டோக்கில் இன்றுவரை சண்டை தீரவில்லை.

செட்ரிக் ஏறினார். சாய்ந்தார். தோள்வாரை மாட்டி இறுக்கினார். பறக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே மடங்கி வரவேண்டிய சக்கரம் கீழே இறங்கி நின்றதால் அங்கே வெறும் இடம்.

"தள்ளு!" என்றார் ஹோரஸ்.

பென்சில் அசைந்தது. வாசலைத் தாண்டியது. வெயில் அதன் மூக்கில் ஏறி, ரெக்கை நுனிவரை ஓடியது. தள்ளுகிறவர்களின் நடை ஓட்டமாக மாறியது. யாருடைய ஷூவோ கழன்றது, யாரும் நிற்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்த ஹோரஸ் கத்தினார். "சின்னவரே! எவ்ளோ வேகம்?"

செட்ரிக் வேகமானியின் முள்ளைப் பார்த்தார். அது பூஜ்யத்தில் படுத்திருந்தது. நூறு மைலுக்குக் கீழே எதையும் வேகம் என்று மதிக்காத முள் அது. அவர் மூடியைத் தூக்கித் தலையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்தான்! தள்ளுங்க! சுவர் தெரியுது!"

பின்னாலிருந்து ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. அவர் மூடியைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஓடுதளத்தின் கிழக்குப் பாதி லேசாகச் சரியும். அங்கே வந்ததும் பென்சிலின் எடை அதைத் தானே இழுத்தது. ஒவ்வொரு கையாக விட்டுப்போனது. கடைசியாக ஹோரஸின் கை. மூடியின் கண்ணாடி கனமானது. கூச்சல், ஷூக்களின் தடதடப்பு, ஓலிவ் அம்மாளின் "ஓடு கண்ணு, ஓடு!", எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. யாருடைய சத்தமும் அவரை வந்து சேரவில்லை. எதிரே ஓடுதளம், அதன் முடிவில் வேலி, வேலிக்கு மேலே வானம். மூக்கு அந்த வானத்தைக் குறிவைத்துக்கொண்டிருந்தது.

வேலியை நோக்கி அப்படியே விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிக்கொண்டே இருந்தது. பிறகு, அலமாரி செய்யும் பெண்களுக்கு உடைந்த தகடு எதற்கு ஆகும் என்று நினைத்து, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார்.

பென்சில் நின்றது. அவர் கையைத் தோளுக்குப் பின்னால் வளைத்தார். முதல் போல்ட்டைத் தொட்டபோது உலோகம் பனியாக இருந்தது. போல்ட்டின் மூடியைத் திருகி, தோட்டாவை உருவி மடியில் வைத்தார். பிறகு அடுத்தது. மற்றவர்கள் ஓடிவந்து சேர்வதற்குள் நான்கும் மடியில் இருந்தன. ஹோரஸ் தொப்பியை நீட்டினார், அவர் ஒவ்வொன்றாக அதில் போட்டார்.

"அவ்ளோதானா, சின்னவரே?"

"அவ்ளோதான். இனி இது யாரையும் காப்பாத்தாது."

திரும்பிப் போகும்போது டிராக்டர் கட்டினார்கள். செட்ரிக் இறங்கவில்லை. ஹேங்கருக்குள் வந்த பிறகும் இறங்கவில்லை. ஹோரஸ் மின்ரம்பத்தை வால்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"இறங்குங்க சின்னவரே. பார்க்க வேணாம்."

"இங்கேருந்து பார்த்தா வால் தெரியாது, ஹோரஸ். நீ ஆரம்பி."

ஹோரஸ் பென்சிலின் மூக்கை ஒருதரம் தட்டினார். பிறகு பின்பக்கம் போனார். ரம்பம் உறுமியது, பல் உலோகத்தில் இறங்கியது. அந்த அதிர்வு வாலிலிருந்து உடம்பு முழுக்க ஓடிவந்து இருக்கையில் ஏறியது. தரைத்தகடு நடுங்கியது. முள்கள் எல்லாம் தங்கள் கண்ணாடிக்குள் நடுங்கின. இத்தனை நாளில் பென்சில் அவருக்குக் கீழே உயிரோடு அதிர்ந்தது அதுதான் முதல் தடவை.

செட்ரிக்கின் இடது கை, அவரைக் கேட்காமலே, வேகத்தைக் கூட்டும் கைப்பிடிக்குப் போனது. அதைப் பிடித்து, மெல்ல, முழுவதும் முன்னால் தள்ளியது.